பாம்பன் தீவில் கைட்சர்ஃபிங்: சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாம்பன் தீவின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே அகலமான பகுதியில் ராமேஸ்வரம் ஊர். அங்கிருந்து தென்கிழக்காக ஒரு மணல் வால் நீண்டு, தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் முடிகிறது. வாலுக்கு வடகிழக்கே பாக் விரிகுடா, தென்மேற்கே மன்னார் வளைகுடா. ஆழம் குறைந்து அடங்கிக் கிடக்கும் வடக்குப் பக்கத்தை உள்ளூர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள், அலை அடிக்கும் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். சில இடங்களில் ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்தே போய்விடலாம்.

கைட் என்ற பெரிய பட்டம் காற்றில் இழுக்க, காலில் மாட்டிய போர்டில் தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டுதான் கைட்சர்ஃபிங். அதைச் செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு நிலம் அமைவது அபூர்வம். கண்ணாடி மாதிரித் தட்டையான தண்ணீர், சின்னச் சின்னக் குறுக்கலைகள், நல்ல உயரமான அலை, எல்லாம் ஒரு ஆட்டோ சவாரி தூரத்தில் கிடைக்கும். ஆனால் காற்று ஒரு திசையில் வீசும்போது இரண்டு கரைகளில் ஒன்று உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும், மற்றது கடலுக்குள் இழுத்துப் போகும். பார்க்க அழகாக, சுலபமாக இருக்கும் தண்ணீர்தான் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. அதனால் எந்தக் கரையில் இறங்குவது என்ற முடிவுக்கு இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது ஏற்கெனவே அடிப்படைப் பயிற்சி முடித்து, காற்றுக்கு எதிராக ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்தவர்களுக்கு. இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் ராமேஸ்வரம் பகுதியிலேயே பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. மீட்புப் படகு வைத்திருக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். பயிற்றுநரிடம் ஐ.கே.ஓ. எனப்படும் சர்வதேச கைட்போர்டிங் அமைப்பின் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

எப்போது போவது

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை. இந்தக் காலத்தில் இங்கே காற்று பலமாகவும் நாள்கணக்கில் விடாமலும் வீசும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை இதற்குள் சரியாக விழுகிறது, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி. இன்னொரு சேதி: தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் கடலில் படகுப் போக்குவரத்து குறைவு. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்த வாய்ப்பு ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும், தென்மேற்கை விடக் கொஞ்சம் மென்மையானது. சீனப் புத்தாண்டு விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்தால் ஒரு வாரம் கிடைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் அந்தப் பருவத்தில் வந்ததுதான். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு வேறு இடம் பாருங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை தேதிகளையும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது பெரும்பாடு.

சிங்கப்பூரில் செய்துகொள்ள வேண்டியவை

நம் ஊரில் இந்தக் காற்று கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் வீசினாலும், கடற்கரையில் கூட்டம், கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள். விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிக் கைட் பறக்கவிடக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆகவே இங்கே உடம்பையும் கையையும் பழக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் நீச்சல். நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நிற்காமல் போக முடியாதவர், படகு இல்லாத கரையில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. அடுத்து, இரண்டு சதுர மீட்டர் பயிற்சிக் கைட் ஒன்றை ஆள் நடமாட்டம் இல்லாத அதிகாலையில், திறந்த புல்வெளியில் ஓட்டிப் பழகுங்கள். கைட்டைப் பார்க்காமலே அது எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். அப்புறம் வீட்டு வரவேற்பறையில் பாரை (கைட்டை ஓட்டும் கைப்பிடியை) எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குயிக் ரிலீஸை (கைட்டின் இழுவையை நொடியில் விடுவிக்கும் பூட்டை) தள்ளித் திறப்பது, திரும்பப் பூட்டுவது. வலது கையால், இடது கையால், தினமும். பதற்றத்தில் மூளை வேலை செய்யாதபோது இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்திய விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓசிஐ அட்டை இருந்தால் தேவையில்லை. பயணக் காப்பீட்டில் கைட்சர்ஃபிங் என்ற சொல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். "நீர் விளையாட்டு" என்று பொதுவாக எழுதிவிட்டு, பின்னால் விலக்குப் பட்டியலில் இதைச் சேர்த்திருப்பார்கள்.

பெட்டியில் என்ன

கைட் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: கிலோவில் உங்கள் எடையை 2.2-ஆல் பெருக்கி, நாட் (knot) அளவில் எடுத்த காற்றின் வேகத்தால் வகுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 15 நாட் காற்றில் ஏறக்குறைய 10 சதுர மீட்டர், 22 நாட் காற்றில் 7. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். இந்த எடைக்கு ஜூனில் 9, 7 என இரண்டு கைட், பிப்ரவரியில் 12, 9. ஒரே ஒரு கைட்தான் கொண்டுபோக முடியும் என்றால் 9.

மாற்று லைன் (பாரையும் கைட்டையும் இணைக்கும் கயிறு) ஒரு செட், பிளாடர் (கைட்டுக்குள் காற்றடைக்கும் பை) ஒட்டும் பட்டைகள், வால்வுப் பசை, லைன் வெட்டும் கத்தி, தலைக்கவசம், மிதவைச் சட்டை, விசில். காலுக்கு மெல்லிய ரப்பர் ஷூ கட்டாயம். கரையெங்கும் பவளத் துண்டுகள் கிடக்கும். ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் காய்ந்த முள் மணலுக்குள் புதைந்திருந்து பாதத்தையும் பிளாடரையும் ஒரே மாதிரி துளைக்கும். பிளாடர் ஓட்டை ஒட்டும் பொருள் இல்லாமல் போனால் பயணம் முதல் நாளிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் அங்கே கடையில் வாங்க முடியாது.

ஊருக்குக் கொண்டுபோகும் கோடாரித் தைலமும் மைலோவும் இந்தப் பையில் வேண்டாம், கிலோ கணக்கு இடிக்கும். விளையாட்டுப் பொருள்களுக்கான சுமைக் கட்டணத்தை முன்பதிவின்போதே கட்டிவிடுங்கள். மின்சாரப் பம்பின் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

இரண்டு பொருள்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒன்று சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவிகள். கடலுக்குப் போகிறவர் இதை வைத்திருப்பது உலகெங்கும் நல்ல பழக்கம், ஆனால் இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். இதனால் வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். இன்னொன்று டிரோன். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது, கடல் எல்லையும் பக்கத்தில். படம் எடுக்கும் ஆசைக்காக விசாரணையில் உட்கார வேண்டாம். நீர் புகாத உறையில் சாதாரணக் கைப்பேசி போதும்.

போய்ச் சேருவது

திருச்சிக்கு நேரடி விமானம் தாராளமாக இருக்கிறது. அங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். மதுரையிலிருந்து 170. போர்டுப் பை நீளம் என்பதால், மேலே கேரியர் உள்ள வாடகைக் காரை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ராமேஸ்வரம் வரை ரயிலும் மறுபடி ஓடுகிறது.

தங்கும் இடத்தைக் கோயிலுக்கு அருகில் எடுப்பதா, மண்டபம், பாம்பன் பக்கம் எடுப்பதா என்று கேட்டால், கைட் ஓட்டுகிறவர்களுக்குப் பாம்பன் பக்கம்தான் என்பேன். வீட்டில் மற்றவர்கள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்றால் ஊருக்குள் தங்கி, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அக்னி தீர்த்தக் கரை பக்தர்கள் நீராடும் இடம், அங்கே கைட்டை எடுக்கவே கூடாது.

காற்றையும் கரையையும் சேர்த்துப் படிப்பது

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

ஜூனில் காற்று தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும். மீனவர்கள் சோளகம் என்பார்கள். அப்போது தெற்குக் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கிறது, அதாவது ஆன்ஷோர். அலையோடு மல்லுக்கட்ட வேண்டும், கைட்டை ஏற்றுவதே சிரமம். ஆனால் எது உடைந்தாலும் மணலில்தான் வந்து ஒதுங்குவீர்கள். அதே நேரம் வடக்குக் கரையில் காற்று நிலத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது, ஆஃப்ஷோர். அலையே எழாது. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர், கீழே மணல் தெரியும், வேறெங்கும் பார்க்காத தட்டை. லைன் ஒன்று அறுந்தால் அந்தத் தட்டைத் தண்ணீரின் மேல் நீங்கள் பாக் விரிகுடாவுக்குள் நகர்ந்துகொண்டே இருப்பீர்கள். அந்தத் திசையில் இருப்பது இலங்கையோடான கடல் எல்லை.

ஜனவரியில் எல்லாம் தலைகீழ். வாடை வடக்குக் கரையில் மோதும், தெற்குக் கரை தட்டையாகி வெளியே இழுக்கும்.

ஆகவே விதி இது: காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் பக்கத்தில், இயந்திரப் படகு தண்ணீரிலேயே காத்து நிற்காவிட்டால் இறங்க வேண்டாம். கரையில் கட்டிப்போட்ட படகு கணக்கில் சேராது. எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இதுதான்.

கரை நேர்கோடு கிடையாது, வளைவுகள் உண்டு. அந்த வளைவுகளில் காற்று கரைக்கு இணையாகவோ, இணையும் உள்நோக்கியும் சேர்ந்தோ வரும் இடங்களைத் தேடுங்கள், அவைதான் மிகச் சிறந்தவை. கண்டுபிடிக்க ஒரு வழி: கரையில் தண்ணீரைப் பார்த்து நேராக நின்று, ஒரு பிடி காய்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். மணல் உங்கள் பின்னால் போனால் ஆன்ஷோர், முன்னால் போனால் ஆஃப்ஷோர், பக்கவாட்டில் போனால் சைட்ஷோர். பனைமரக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று இதைச் செய்யாதீர்கள். மரங்களைத் தாண்டி வரும் காற்று வெகுதூரம் வரை விட்டுவிட்டு அடிக்கும்.

வேகத்துக்கு விண்டி, விண்ட்குரு செயலிகளைப் பார்க்கலாம், கூடவே ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பையும். கள்ளக்கடல் (தொலைதூரக் கடலிலிருந்து திடீரென வரும் பெரிய அலை) எச்சரிக்கை என்று இருந்தால், காற்றே இல்லாவிட்டாலும் தெற்குக் கரைக்குப் போக வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும் விட நம்பகமானது, மீன்துறை அன்றைக்கு மீனவர்களுக்கு டோக்கன் கொடுத்ததா என்ற கேள்வி. பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் மீன்பிடி அனுமதி டோக்கனை நிறுத்திவிடுவார்கள். தலைமுறையாகக் கடலில் இருப்பவர்களை விடாத நாளில் நமக்கு அங்கே வேலை இல்லை.

மூன்று வகைத் தண்ணீர்

தட்டை நீரில் வேகம் தானாக வரும், அதனால் ஆழம் மறந்துபோகும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் குதிக்க வேண்டாம். போர்டின் துடுப்பு மணலில் குத்தி முகம் குப்புற விழுவது அங்கேதான். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப்போகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்து, வலி குறையும் வரை காத்திருந்து, அப்புறம் மருத்துவரிடம் போங்கள்.

பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகள் கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள். சதுரச் சட்டங்களாக, தண்ணீர் மட்டத்தோடு கிடக்கும், தூரத்திலிருந்து தெரியாது. அதில் வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள், அது அவர்களுடைய அன்றாடக் கூலி. மிதவைகள் உங்கள் காற்றுக்கீழ்ப் பக்கம் (காற்று போகும் பக்கம்) இருக்கும்படி ஒருபோதும் ஓட்டாதீர்கள். கைட் விழுந்தால் நேராக அவற்றின் மேல்தான் போகும்.

குறுக்கலை என்பது காற்று கிளப்பும் சிறு மேடு பள்ளம். முழங்காலைத் தளர்த்தி, கைட்டை அசைக்காமல் ஒரே உயரத்தில் வைத்து, பின்காலில் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்துப் போனால் உடம்பு அதிராது. தொடை சீக்கிரம் சோர்ந்துவிடும், அரைமணிக்கு ஒருமுறை கரையேறுங்கள்.

தெற்குக் கரையின் அலைதான் கடினம். கரையோரம் உடையும் அலைகளை முதலில் எண்ணிப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே ஒரு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில், கைட்டைப் பக்கவாட்டில் 45 பாகை உயரத்தில் வைத்து, போர்டைக் கையில் பிடித்தபடி உடம்பால் நீந்தி இழுபட்டு, உடையும் கோட்டைத் தாண்டியபின் போர்டில் காலை நுழையுங்கள். கைட்டைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தியபடி கரையோரத்தில் நிற்பது ஆபத்து. ஒரு பலத்த வீச்சு வந்தால் அந்தரத்தில் தூக்கிக் கரையில் எறிந்துவிடும். கைட் அலைக்குள் விழுந்து லைன் தளர்ந்தால் துணி கிழிவது நிச்சயம், உடனே பாரை இழுத்துப் பின்வாங்கி லைனை இறுக்குங்கள்.

அரிச்சல்முனையில் இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கின்றன. அங்கே இறங்கவே வேண்டாம், காலை நனைப்பதற்குக் கூட. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் அனுமதியின்றிப் போகக் கூடாது. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பு ஆசையைக் கிளப்பும். குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் பகுதி அது. 2025-இல் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் அவற்றுக்கென்று சரணாலயம் அறிவித்திருக்கிறது. பறவைக் கூட்டத்தின் மேல் கைட்டின் நிழல் பட்டாலே அத்தனையும் எழுந்து பறந்துவிடும். விட்டுவிடுங்கள்.

கைட்டை ஏற்றுவது

காற்றுக்கீழ்ப் பக்கம் குறைந்தது 50 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். மனிதர், படகு, மின்கம்பி, வலை எதுவும் கூடாது. பம்ப் அடித்தபின் கைட்டின் காற்றடைத்த முன்விளிம்பை விரலால் சுண்டுங்கள், கிண்ணென்று ஒலிக்க வேண்டும். நான்கு லைன்களையும் விரித்து, பாரிலிருந்து கைட் வரை நடந்து, விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போங்கள். மாட்டியபின் திரும்பி வந்து இன்னொருமுறை பாருங்கள். குயிக் ரிலீஸில் மணல் புகுந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து மூடுங்கள்.

கைட்டைப் பிடித்துவிட இன்னொரு கைட்டரே வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பையன்கள் ஆசையாக ஓடிவருவார்கள். "தம்பி, அந்தப் பக்கமா நின்னு பாரு" என்று அன்பாகச் சொல்லிக் காற்றுமேல் பக்கம் (காற்று வரும் பக்கம்) அனுப்பிவிடுங்கள். லைன் விரலைத் துண்டாக்கக்கூடியது.

தனியே மாட்டிக்கொண்டால்

தண்ணீரில் விழுந்த கைட் எல்லா முயற்சியும் செய்து எழவில்லை என்றால் தாமதிக்காமல் குயிக் ரிலீஸைத் திறங்கள். கைட் ஒற்றை லைனில் தொங்கி வலுவிழக்கும். உங்கள் உடம்போடு பிணைத்த அந்த லீஷ் லைனைப் பிடித்து ஏறி பாரை அடையுங்கள். முதலில் அந்த ஒரு லைனை மட்டும் ஏழெட்டு மீட்டர் பாரில் சுற்றி முடிச்சிடுங்கள். இதைத் தவறவிட்டால் கைட் மறுபடி உயிர்பெற்று இழுக்கும். அதன்பின் எல்லா லைன்களையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே கைட்டை நெருங்குங்கள். கையில் எதையும் சுற்றக் கூடாது, பாரில் மட்டும். முடிவில் இன்னொரு முடிச்சு.

கைட்டைப் பிடித்ததும் காற்றைப் பாருங்கள். கரைப்பக்கம் வீசினால் ஒரு நுனியைக் கீழே பிடித்து, மறு நுனியின் லைனை இழுத்து, கைட்டைப் பாய்போல் நிறுத்தினால் அதுவே உங்களைக் கரை சேர்க்கும். வெளியே வீசினால் பாயாக்க வேண்டாம். அதன்மேல் படுத்து மிதந்தபடி விசில் ஊதுங்கள். கைட்டை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. ஒற்றைத் தலையைக் கடலில் யாராலும் பார்க்க முடியாது, ஆரஞ்சோ மஞ்சளோ ஒன்பது சதுர மீட்டர் துணி தெரியும்.

இறங்கும் முன்பே கரையில் ஒருவரிடம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வையுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. பெரிய மருத்துவமனை ராமநாதபுரத்தில்.

ஊர்க்காரர்களோடு

புதிய கரைக்குப் போனால் முதலில் கைட்டை எடுக்காதீர்கள். அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய், "ஐயா, இந்தப் பக்கம் எறங்கலாமா? வலை எங்கே போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். நமக்குத் தமிழ் தெரியும் என்பது வேறெந்த வெளிநாட்டுக் கைட்டருக்கும் கிடைக்காத வசதி. வலை இருக்கும் திசை, தண்ணீருக்கடியில் பாறை உள்ள இடம், மதியத்துக்குமேல் காற்று திரும்புமா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மீன் காய வைத்திருக்கும் மணலில் கைட்டை விரிக்காதீர்கள், அதன் காற்றுமேல் பக்கத்தில் மணலைக் கிளப்பவும் செய்யாதீர்கள். கருவாட்டில் மணல் ஏறினால் விலை போகாது.

கிளம்பும் முந்தைய நாள் கைட்டைத் தண்ணீரில் இறக்காமல் இருந்தால் நல்லது. காலையில் நல்ல தண்ணீரில் பாரையும் லைனையும் குயிக் ரிலீஸையும் ஊறவைத்துக் கழுவுங்கள். தீவில் நல்ல தண்ணீர் அருமையானது, ஒரு வாளி போதும், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டாம். கைட்டை நிழலில் காயவைத்து, மணலைத் தட்டி, முழுதும் உலர்ந்தபின் மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் எடை கூடும், திருச்சி கவுண்டரில் பையைப் பிரிக்க வேண்டிவரும்.